கோழி கொத்திய டாக்டரும் காணாமல் போன முதல் கட்டமும்

அன்பும் மரியாதையும் நிறைந்த அத்தான் அவர்களுக்கு,

உங்கள் மைத்துனன் வணக்கத்துடன் எழுதுவது. இங்கே நானும் என் மனைவியும் என் முழங்கால் வலியும் நலம். அங்கே நீங்களும் அக்காவும் டைல்ஸ் கடையும் அவ்வண்ணமே நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். போன கடிதத்தில் என் கையெழுத்தைப் படிக்க முடியாமல் மருந்துக் கடைக்காரரிடம் கொண்டுபோய்க் காட்டியதாகவும், அவர் படித்துவிட்டு இருமல் மருந்து ஒன்றை எடுத்துக் கொடுத்ததாகவும் அக்கா சொன்னாள். அதனால் இந்த முறை ஆஸ்பத்திரிக் கணினியிலேயே தட்டச்சு செய்கிறேன். முடிந்ததும் அச்செடுத்துத் தபாலில் சேர்ப்பேன். உங்கள் மகள் வாலுதான் எனக்குப் புதிதாக ஒரு கணக்குத் திறந்து, "மாமா, உங்களுக்குன்னே தனியா ஒரு ஏற்பாடு பண்ணியிருக்கேன், தாராளமா எழுதுங்க" என்று நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காரவைத்துவிட்டுப் போயிருக்கிறாள். பெரியவர்களுக்கு எவ்வளவு மரியாதை பாருங்கள். நீங்கள் வளர்த்த விதம்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். உங்கள் கடைக்குச் சரக்குக் கொண்டுவரும் லாரிக்காரர் போன திங்கட்கிழமை கால் சுளுக்கு என்று இங்கே வந்திருந்தார். அவர் வாய் சும்மா இருக்காது. "உங்க பொண்ணு வேலை பாக்குற ஆஸ்பத்திரியில ஒரே கலாட்டா, பெரிய டாக்டரைக் கோழின்னு எழுதி வெச்சுட்டாங்க" என்று அவர் உங்களிடம் சொல்லியிருப்பார், நீங்கள் சட்டையை மாட்டிக்கொண்டு பஸ் நிலையத்துக்குக் கிளம்பியிருப்பீர்கள். தயவுசெய்து சட்டையைக் கழற்றி மாட்டிவிட்டு, உட்கார்ந்து இதை முழுக்கப் படியுங்கள். வாலுவை இங்கே அனுப்பும்போது நீங்கள் சொன்னது எனக்கு மறக்கவில்லை. "ஆறு மாசம் பார்ப்பேன். வேலை நிரந்தரம் ஆகலைன்னா மூட்டையைக் கட்டிக்கிட்டு வந்து என் கடையில உக்காரணும்." அவளும் சரி என்று தலையாட்டிவிட்டு வந்தாள். வந்த அன்றே என்னிடம், "மாமா, தரையில போடுற கல்லை ஆயுசு பூரா எண்ணிக்கிட்டு இருக்க என்னால முடியாது" என்று சொல்லிவிட்டு மூக்கை உறிஞ்சினாள். இதைப்பற்றி அக்காவிடம் பேசியபோது, உங்களைப்போல ஒரு பிடிவாதக்காரரை உலகத்தில் பார்த்ததில்லை என்று அக்காவே சொன்னாள். (இந்த வரியை அனுப்புமுன் எடுத்துவிடுவேன். நினைவு வைத்துக்கொள்ளத்தான் எழுதினேன்.)

எங்கள் ஆஸ்பத்திரியில் இதுநாள்வரை எல்லாம் காகிதம்தான். அதைக் கணினிக்கு மாற்றவேண்டும் என்று நிர்வாகக் குழுத் தலைவி அம்மா முடிவுசெய்தார். வேலையைக் கொடுங்கள் என்று ஒரு வெளிக் கம்பெனிக்காரர் கழுத்தில் டை கட்டிக்கொண்டு தினமும் வந்து வரவேற்பறையில் உட்கார்ந்திருந்தார். நான், அலுவலகக் கண்காணிப்பாளர் என்ற முறையில், "நம்ம பொண்ணே செய்வா அம்மா" என்று சொல்லிவைத்தேன். தலைவி அம்மா கறாரானவர். "சரி, திங்கட்கிழமை காலையில நான் வந்து தொடங்கிவெப்பேன். ஒழுங்கா ஓடினா இந்தப் பொண்ணுக்கு வேலை நிரந்தரம். தடுமாறினா கம்பெனிக்காரர்கிட்ட கொடுத்துருவேன்" என்று சொல்லிவிட்டார். டைக்காரர் அதைக் கேட்டுப் புன்னகை செய்தார். அந்தப் புன்னகையைப் பார்த்ததிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. என் மனைவி மட்டும் இறங்கியது என்றுதான் சொல்வாள்.

முதல் வேலை, எல்லோருக்கும் கணக்குப் பெயர் வைப்பது. கணினிக்குள்ளே போக ஆளுக்கொரு பெயர் வேண்டும், ஒருவருக்கு வைத்தது இன்னொருவருக்கு வரக்கூடாது, அவ்வளவுதான். டாக்டர்கள், நர்ஸுகள், எக்ஸ்ரேக்காரர்கள், துவைக்கிற இடம், சமையல்கட்டு என்று கூட்டினால் ஒரு கல்யாண மண்டபமே நிறையும். குழந்தைக்குப் பெயர் வைக்கிறமாதிரி ஒவ்வொருவருக்கும் உட்கார்ந்து யோசித்துத்தான் வைக்கவேண்டும் என்று நானும் ஒரு வாரமாக யோசித்து, சமையல்கட்டில் பாதிவரை வந்திருந்தேன். வாலு வந்து பார்த்தாள். "மாமா, இதுக்கு ஒரு வரி போதும்" என்றாள். கறுப்பாக ஒரு திரையைத் திறந்தாள். படம் இல்லை, பொத்தான் இல்லை, ஓரத்தில் ஒரு சின்னக் கோடு மட்டும் கண்சிமிட்டிக்கொண்டிருந்தது. அதில் அவள் ஒரு கட்டளை அடித்தாள், ஒரு நெட்டுக்கோடு போட்டாள், இன்னொரு கட்டளை, இன்னொரு கோடு. தீப்பிடித்த வீட்டுக்கு வரிசையில் நின்று வாளி கைமாற்றுகிறார்களே, அந்தமாதிரியாம். முதல் ஆள் பணியாளர் பட்டியலில் மேலிருந்து கீழாக ஓடும் மூன்றாவது கட்டத்தை மட்டும் வெட்டி எடுப்பான், ஏனென்றால் பெயர் அங்கேதான் இருக்கிறது. அடுத்தவன் பெரிய எழுத்தையெல்லாம் சின்ன எழுத்தாக்குவான். அதற்கடுத்தவன் முதல் இரண்டு சொல்லைப் பிடித்து நடுவில் ஒரு புள்ளி வைத்து ஒட்டுவான். கடைசி ஆள், ஒரே பெயர் இரண்டு பேருக்கு வந்தால் பக்கத்தில் ஒன்று, இரண்டு என்று எண் போட்டுவிடுவான். என் கண்ணெதிரே தட்டினாள். நான் மூக்குக்கண்ணாடியைத் துடைத்து மாட்டுவதற்குள் ஆஸ்பத்திரி முழுக்கப் பெயர் வந்துவிட்டது. என் ஒரு வார யோசனையைச் சுருட்டிப் பைக்குள் வைத்துக்கொண்டேன்.

"மாமா, இது சும்மா ஒத்திகைதான். உண்மையான ஓட்டம் ஞாயித்துக்கிழமை தானா நடக்கும், நேரம் குறிச்சு வெச்சிருக்கேன். அதுவரைக்கும் அந்தப் பட்டியலை மட்டும் யாரும் தொடாம பாத்துக்கங்க" என்றாள். "என் உயிரைக் கொடுத்துக் காப்பேன்" என்றேன். காத்தேன் அத்தான். ஆனால் சனிக்கிழமை சாயங்காலம் யாரோ ஒருவர் அந்தப் பட்டியலைத் திறந்திருக்கிறார். அச்செடுக்கப் பார்த்திருக்கிறார். கணினியில் இருப்பதெல்லாம் காற்றில் எழுதியமாதிரி, காகிதத்தில் இருந்தால்தான் இருக்கிறது என்று அர்த்தம், இது அனுபவப்பட்டவர்களுக்குத் தெரியும். அச்சில் பார்த்தால் கடைசிக் கட்டம் தாளுக்குள் அடங்காமல் அடுத்த தாளுக்கு ஓடியிருக்கிறது. ஒவ்வொரு பக்கத்துக்கும் கூடுதலாக ஒரு தாள் வீண். பார்த்துக்கொண்டு சும்மா இருக்க எந்த நல்ல மனிதருக்கு மனசு வரும்? அதனால் அவர் முதல் கட்டத்தை எடுத்துவிட்டிருக்கிறார். அதில் இருந்தது வெறும் வரிசை எண். ஒன்று, இரண்டு, மூன்று. ஒன்றுக்கு அப்புறம் இரண்டு என்பது யாருக்குத் தெரியாது? எடுத்ததும் ஒவ்வொரு பக்கமும் அழகாக ஒரே தாளில் அடங்கியிருக்கிறது, அவரும் நிறைந்த மனதோடு சேமித்துவிட்டு வீட்டுக்குப் போயிருக்கிறார். அந்த மகானுபாவர் யார் என்று இன்றுவரை தெரியவில்லை. ஆனால் யோசித்துப் பார்த்தால், நேர்த்தியானவராக, சிக்கனமானவராக, நல்ல குடும்பத்தில் பிறந்தவராக இருக்கவேண்டும் என்று தோன்றுகிறது.

முதல் கட்டம் போனதும் என்ன ஆனது என்று உங்களுக்குப் புரிந்திருக்கும். எல்லாம் ஒரு இடம் தள்ளி உட்கார்ந்துகொண்டன. மூன்றாவது கட்டத்தில் இருந்த பெயர் இரண்டாவதுக்குப் போய்விட்டது. மூன்றாவதில் இப்போது இருந்தது, அங்க அடையாளம். வேலைக்குச் சேரும்போது கேட்பார்களே, உடம்பில் எங்கே மச்சம், எங்கே தழும்பு என்று, அது. கறுப்புத் திரைக்கு அது தெரியுமா? மூன்றாவது கட்டத்தை எடு என்றால் எடுக்கும். ஞாயிற்றுக்கிழமை, நாங்களெல்லாம் வீட்டில் படுத்துக்கொண்டிருந்தபோது, அது தானாக விழித்துக்கொண்டு, சமர்த்தாக, ஒருத்தர் விடாமல் எல்லோருக்கும் அவரவர் மச்சத்தின் பெயரை வைத்துவிட்டது.

திங்கட்கிழமை காலை. நல்ல நாளும் அதுவுமாக நீங்கள் எடுத்துக்கொடுத்த பச்சைச் சட்டையைப் போடலாம் என்று தேடினேன், என் மனைவி அதை ஜன்னல் துடைக்க எடுத்து மாதக்கணக்காகிறதாம். (இதையும் எடுத்துவிடுவேன்.) வேறு சட்டையைப் போட்டுக்கொண்டு போனேன். தலைவி அம்மா வந்துவிட்டார். டைக்காரரும் வந்துவிட்டார். கூடத்தில் நோயாளிகள் நிறைந்திருந்தார்கள். கீழ்த்தள நடையில் போட்டிருப்பது உங்கள் கடை டைல்ஸ் என்பது உங்களுக்கு நினைவிருக்கும். கால் சுளுக்கு என்று வருகிறவர்களில் பாதிப்பேர் இங்கே வந்தபிறகுதான் சுளுக்கிக்கொள்கிறார்கள். (இது கட்டாயம் எடுக்கவேண்டும்.) கூடத்துச் சுவரில் ஒரு பெரிய திரை. எந்த டாக்டர் எந்த அறையில் என்று அதில் வரும். தலைவி அம்மா பொத்தானை அழுத்தினார். எல்லோரும் கைதட்டினார்கள். திரையில் எழுத்து வந்தது. அறுவை சிகிச்சை, முதல் அறை: தழும்பு.கோழி.

எழுத்தெல்லாம் ஆங்கிலத்தில்தான் இருந்தது, உங்களுக்காகத் தமிழில் சொல்கிறேன். பெரிய டாக்டர் சின்ன வயதில் ஒரு கோழியிடம் மூக்கில் கொத்து வாங்கியிருக்கிறார். வேலைக்குச் சேர்ந்த அன்று குமாஸ்தா, "தழும்பு, கோழி கொத்தியது, மூக்கு" என்று சொன்னதைச் சொன்னபடி எழுதிவைத்திருக்கிறார். பெரிய டாக்டர் நடந்துவந்தால் சுவர்க்கடிகாரம்கூடச் சத்தமில்லாமல் ஓடும் அத்தான், அப்பேர்ப்பட்ட மனுஷன். கைதட்டின கையெல்லாம் அப்படியே அந்தரத்தில் நின்றது. ஒரு பெரியவர் மட்டும் எழுந்துபோய் வரவேற்பறைப் பெண்ணிடம், "அம்மாடி, எனக்குக் கோழி டாக்டருக்கு ஒரு டோக்கன் குடு" என்றார்.

அப்புறம் வரிசையாக ஆரம்பித்தது பாருங்கள். மருந்தகக்காரர் ஓடிவந்தார். கன்னத்தில் மச்சம் உள்ளவர்கள் எங்களிடம் நிறைய. லிஃப்ட் இயக்குபவருக்கு மச்சம்.கன்னம்1 என்று வந்திருக்கிறது, இவருக்கு மச்சம்.கன்னம்3. "சார், என் மச்சத்தையும் அவர் மச்சத்தையும் பக்கத்துல பக்கத்துல வெச்சுப் பாருங்க. எது பெருசு? நீங்களே சொல்லுங்க. நான் மூணாவதா?" என்று கன்னத்தை என் முகத்துக்கு நேரே கொண்டுவந்தார். லிஃப்ட்காரரோ அன்றைக்கு மாடிக்கு மாடி கதவைத் திறந்து, "கன்னம் ஒண்ணு பேசுறேன், எந்த மாடிக்குப் போகணும்?" என்று கேட்டுக்கொண்டிருந்தார். தோல் டாக்டரம்மா மச்சம்.மோவாய். அதை அவரே போன வருஷம் எடுத்துவிட்டார். "இல்லாத மச்சத்தை வெச்சுக்கிட்டு நான் எப்படி உள்ளே போறது?" என்பது அவருடைய கேள்வி. நியாயமான கேள்வி. தலைமை நர்ஸ் தன் அடையாளம் என்னவென்று வெளியே சொல்லவே இல்லை, திரையைக் கையால் மறைத்துக்கொண்டே நாள் முழுக்க வேலை பார்த்தார். என் விஷயத்துக்கு வருகிறேன். நான் சேர்ந்த அன்று என்னைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, மச்சமும் இல்லை தழும்பும் இல்லை என்று குமாஸ்தா இரண்டே வார்த்தையில் முடித்துவிட்டிருக்கிறார். என் மேஜையில் கணினியைத் திறந்தேன். "வருக, ஒன்றும்.இல்லை" என்று வரவேற்றது. இத்தனை வருஷம் இந்த ஆஸ்பத்திரிக்கு உழைத்ததற்கு.

சிரிப்பாகத்தான் இருக்கும் உங்களுக்கு. நான் மெல்லத் தூணுக்குப் பின்னால் ஒதுங்கினேன். பெரிய டாக்டர் கூடத்து நடுவில் வந்து நின்று, "யார் பாத்த வேலை இது?" என்று கேட்டார். சத்தமாகக்கூட இல்லை. டைக்காரர் பையிலிருந்து தன் கம்பெனிப் புத்தகத்தை எடுத்துத் தயாராக வைத்துக்கொண்டார். கூட்டத்துக்குப் பின்னாலிருந்து வாலு முன்னால் வந்தாள். துப்பட்டா நுனியைச் சுருட்டிப் பிடித்திருந்தாள். "நான்தான் சார். நான் எழுதின கட்டளை வரிசைதான். மத்தியானத்துக்குள்ள சரி பண்ணிடறேன்" என்றாள். வேறு ஒரு வார்த்தை இல்லை. யார் தொட்டது, எப்போது தொட்டது, ஒன்றும் இல்லை. தலைவி அம்மா கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "மத்தியானம் வரைக்கும்தான்" என்றார்.

கணினி அறைக்கு நானும் பின்னாலேயே ஓடினேன். பட்டியலைத் திறந்து பார்த்தாள், என் பக்கம் திரும்பி, "மாமா, நீங்க இதைத் தொட்டீங்களா?" என்று கேட்டாள். "நானா? எதை?" என்றேன். நான் தொடுவேனா அத்தான்? "சரி மாமா" என்று திரும்பிக்கொண்டாள். "தொட்டது யாரா இருந்தாலும் பரவால்ல. மூணாவது கட்டத்துலதான் பேரு இருக்கும்னு கண்ணை மூடிக்கிட்டு நம்பினேன் பாருங்க, அது என் தப்பு. 'பெயர்'னு தலைப்பு எங்க இருக்குன்னு தேடி, அதை எடுன்னு எழுதியிருக்கணும். அப்ப யார் எதை நகர்த்தினாலும் ஒண்ணும் ஆகியிருக்காது." எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. கணினித் திரையையே பார்த்ததால் வந்தது.

இதற்கிடையில் அவசரப் பிரிவில் வேறு ஒரு கூத்து. ஒரு சின்னப் பெண் குழந்தை விளையாடும்போது மூக்குக்குள் பாசிமணியைத் திணித்துக்கொண்டு வந்திருக்கிறது. யாரையும் கிட்டே விடவில்லை. கத்துகிற கத்தலில் மேல்மாடியில் இருந்தவர்களெல்லாம் படிக்கட்டில் எட்டிப் பார்க்கிறார்கள். நர்ஸின் கையைக் கடித்துவிட்டது. அம்மாக்காரி ஒருபக்கம் அழுகிறாள். பெரிய டாக்டர் ஏற்கெனவே கொதித்துக்கொண்டிருந்த முகத்தோடு உள்ளே போனார். தலைமை நர்ஸ் என்னிடம் பிற்பாடு சொன்னதை அப்படியே எழுதுகிறேன். டாக்டர் போய் அங்கிருந்த கணினியில் கையை வைத்ததும், திரை பளிச்சென்று "வருக, தழும்பு.கோழி" என்றதாம். குழந்தை பள்ளிக்கூடத்தில் புதிதாக ஆங்கில எழுத்துக் கூட்டக் கற்றிருக்கிறது. அழுகையை நடுவில் நிறுத்திவிட்டு, ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டி, "கோழி!" என்றது. "கோழியா உங்க பேரு?" என்று கேட்டது. தலைமை நர்ஸுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. டாக்டர் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, மூக்கைக் காட்டி, "பேரு இல்ல பாப்பா. இங்க பாரு, ஒரு கோழி என்னை இங்க கொத்திருச்சு" என்றாராம்.

"எதுக்குக் கொத்துச்சு?"

"அது முட்டையை நான் எடுத்து என் நிஜார்ப் பையில போட்டுக்கிட்டேன்."

"முட்டை என்னாச்சு?"

"நான் ஓடினேன், விழுந்தேன். பையிலயே உடைஞ்சு போச்சு."

குழந்தை விழுந்து விழுந்து சிரித்ததாம். அந்தத் தழும்பைத் தடவிப் பார்த்துவிட்டு, "வலிச்சுதா?" என்று கேட்டதாம். "வலிச்சுது. ஆனா மூக்கு அங்கேயேதான் இருக்கு பாரு. இப்ப உன் மூக்கைக் காட்டு" என்றதும், மூக்கைத் தூக்கிக் காட்டியதாம். அடுத்த நொடி பாசிமணி அவர் கையில். குழந்தை போகும்போது கோழி மாமாவுக்கு டாட்டா சொல்லிவிட்டுப் போனது. டாக்டர் வெளியே வந்தபோது நான் நடையில் நின்றேன். அவருக்குப் பல் வரிசை இவ்வளவு நன்றாக இருக்கும் என்று எங்களில் ஒருவருக்கும் இதுவரை தெரியாது.

மத்தியானத்துக்கு முன்னாலேயே வாலு முடித்துவிட்டாள். அதே கறுப்புத் திரை, அதே வாளி வரிசை, கொஞ்சம் நீளமாக. எல்லோருக்கும் அவரவர் பெயர் ஒழுங்காக வந்தது. தலைவி அம்மா அறையில் கூட்டம் போட்டார்கள். டைக்காரர் எழுந்து, எங்கள் கம்பெனிக்குக் கொடுத்திருந்தால் இப்படி ஒரு தவறே நடந்திருக்காது என்று தொடங்கி நன்றாகவே பேசினார். பெரிய டாக்டர் அவரை மேலும் கீழும் பார்த்து, "உங்க கம்பெனி வந்திருந்தா என் கோழி இத்தனை வருஷம் கழிச்சு வெளிய வந்திருக்குமா?" என்று கேட்டார். டைக்காரர் தன் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்துவிட்டு உட்கார்ந்துகொண்டார். தலைவி அம்மா வாலுவைப் பார்த்து, "தப்பு எப்படி நடந்துச்சு?" என்றார். இவள், "கட்டத்தோட இடத்தை நம்பிட்டேன் மேடம், இனிமே தலைப்பைப் பாத்துத்தான் எடுக்கும், இன்னொரு தடவை நடக்காது" என்றாள். "யாராவது பட்டியலை மாத்தினாங்களா?" என்று தலைவி அம்மா விடாமல் கேட்டார். "பட்டியல் மாறத்தான் செய்யும் மேடம், அதைத் தாங்குற மாதிரி எழுதுறதுதான் என் வேலை" என்றாள். தலைவி அம்மா மேஜையிலிருந்து ஒரு தாளை எடுத்துக் கையெழுத்துப் போட்டு அவளிடம் நீட்டினார். நிரந்தரம்! அத்தான், நிரந்தரம்! நான் எழுந்து நின்று கைதட்டினேன். தனியாகத் தட்டிக்கொண்டிருக்கிறேன் என்பது கொஞ்ச நேரம் கழித்துத்தான் தெரிந்தது. அதற்குள் பெரிய டாக்டரும் தட்ட ஆரம்பித்துவிட்டார், அதனால் தப்பித்தேன்.

இப்போது புதுத் தகராறு என்னவென்றால், ஒருவருக்கும் பழைய பெயரை விட மனசில்லை. பெரிய டாக்டரே நேரில் வந்து, "குழந்தைங்க வார்டுத் திரையில மட்டும் அந்தக் கோழியைத் திருப்பிப் போட்டுத் தரமுடியுமா?" என்று வாலுவிடம் கேட்டு வாங்கிக்கொண்டு போனார். லிஃப்ட்காரர் தன் லிஃப்டுக்குள் "கன்னம் 1" என்று ஒரு அட்டை எழுதி ஒட்டியிருக்கிறார். மருந்தகக்காரர் அதனாலேயே படியேறிப் போகிறார், உடம்பு இளைத்திருக்கிறது, நல்லதுதான். எனக்கு மட்டும் வாலு என் சொந்தப் பெயரிலேயே கணக்கு வைத்திருக்கிறாள். "நீங்க ஒண்ணும் இல்லாத ஆளா மாமா?" என்று சொல்லித்தான் வைத்தாள்.

ஆகவே அத்தான், லாரிக்காரர் சொன்னதை நம்பவேண்டாம். அல்லது நம்புங்கள், ஆனால் மீதியையும் சேர்த்து நம்புங்கள். உங்கள் மகள் தலைநிமிர்ந்து நிற்கிறாள். இந்த வேலையில் அவள் முகத்தில் இருக்கிற வெளிச்சத்தைப் பார்த்தால் நீங்களே சொல்வீர்கள். அவளைக் கடைக்குக் கூப்பிடாதீர்கள். என்றைக்கும் கூப்பிடாதீர்கள். அக்காவுக்கு என் அன்பு. கடைப் பையன்களுக்கு என் விசாரிப்பு. எல்லோரும் நீண்ட ஆயுளோடும் தாளுக்குள் அடங்குகிற கவலைகளோடும் வாழ வேண்டுகிறேன்.

என்றும் உங்கள் பிரியமுள்ள,
மைத்துனன்

பின்குறிப்பு: மேலே கையெழுத்து இடம்வரை வந்துவிட்டு, எடுத்துவிடுவதாகச் சொன்ன வரிகளை எடுக்கலாம் என்று மேலே போனேன். போகமுடிகிறது, எடுக்கமுடியவில்லை. அழிக்கும் பொத்தானைத் தட்டினேன், குத்தினேன், மேஜையையும் ஒருமுறை குத்தினேன். "சேர்க்கலாம், அழிக்க இயலாது" என்று திரை சொல்கிறது. வாலுவைக் கூப்பிட்டேன்.

"அதுதான் மாமா உங்களுக்குன்னு பண்ணின தனி ஏற்பாடு. நிரந்தரம் ஆனதும் நான் பாத்த முதல் வேலையே அதுதான்" என்றாள்.

"எனக்கு எதுக்கும்மா?" என்றேன்.

"கடைசியா யார் தொட்டாங்கன்னு பட்டியல்லயே இருக்கும் மாமா. திங்கட்கிழமை காலையிலயே பாத்துட்டேன்."

"அப்புறம் ஏன் சொல்லல?"

"சொன்னா நீங்க அன்னைக்கு மத்தியானம் சாப்பிட்டிருக்க மாட்டீங்க" என்று சொல்லிவிட்டு, என் தோளைத் தட்டிவிட்டு, குழந்தைகள் வார்டுக்குப் போய்விட்டாள்.

ஆகவே அத்தான், அந்த மகானுபாவர் நான்தான். நேர்த்தி, சிக்கனம், நல்ல குடும்பம் என்று எழுதியதையெல்லாம் நீங்களே தகுந்தபடி குறைத்துப் படித்துக்கொள்ளவும். பச்சைச் சட்டைக்கு மன்னிக்கவும். உங்கள் பிடிவாதத்தைப் பற்றியும் டைல்ஸைப் பற்றியும் எழுதியதற்கும் மன்னிக்கவும், இரண்டும் உண்மை என்றாலும். பேனாவால் அடித்து அனுப்பலாம் என்றால் அக்கா வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் படித்துவிடுவாள். வாலுவிடம் கேட்டால் பூட்டைத் திறந்துவிடுவாள், ஆனால் கேட்கவில்லை. அவ்வளவு பேருக்கு முன்னால் "நான்தான் சார்" என்று நின்று, வேலை போனாலும் போகட்டும் என்று, தலைவி அம்மா கேட்டபோதும் என் பெயரை விழுங்கிக்கொண்ட பெண் அவள். நான் நாலு வரியைத் தாங்கமாட்டேனா? கடிதம் இப்படியே வருகிறது.

இதில் எடுத்துவிடவேண்டும் என்று எனக்குத் தோன்றாத வரி ஒன்றே ஒன்றுதான். அதை இன்னொரு முறை இங்கே சேர்க்கிறேன், சேர்க்க மட்டும்தான் எனக்கு அனுமதி. அவளைக் கடைக்குக் கூப்பிடாதீர்கள், அத்தான்.